குதிரை ஏற்றும் நேரம்

எங்கள் தெருவில் எல்லோரும் ஆர்மரர் தாத்தா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவருக்கு ஆர்மரர் என்று பெயர். வெலிங்டனில் ஓய்வு பெற்று, அருவங்காட்டிலிருந்து குன்னூர் இறங்கும் சாலைக்குக் கீழே இரண்டு அறை வீடு ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறார். கண்புரை அறுவை செய்த பிறகும் எழுத்து தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். இலக்கியம் என்றால் ஐந்து நிமிஷத்தில் குறட்டை. மர்மக் கதை என்றால் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கேட்பார்.

போன மழைக்காலத்தில் ஊட்டியில் நடக்கும் மர்ம நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். அதில் இருப்பதெல்லாம் அந்த வகை நாவல் எல்லாவற்றிலும் இருப்பதுதான். பனி, யூகலிப்டஸ் வாசனை, ஒரு பழைய பங்களா, கணப்பு, வேலைக்காரக் கிழவன், நாய். அத்தியாயக் கடைசியில் வில்லன் ரிவால்வரை எடுத்து, அதன் ‘சேஃப்டி கேட்ச்’சை விடுவித்து, சைலன்சரைப் பொருத்தி, ட்ரிக்கரை அழுத்துகிறான்.

தாத்தா சிரித்தார். ரிவால்வரில் பெரும்பாலும் சேஃப்டி கேட்ச் கிடையாது. சைலன்சர் மாட்டினாலும் அநேகமாகப் பயனில்லை, சுழலும் உருளைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியில் சத்தம் வெளியே வந்துவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தமிழ் மர்மக் கதைகளின் ரிவால்வரைப் பற்றிக் கிண்டல் செய்வது பழைய பொழுதுபோக்கு. ஆனால் சிரித்து முடித்தபிறகு அவர் ஒன்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

“அதெல்லாம் போகட்டும் தம்பி. அவன் குதிரைய எப்ப ஏத்துனான்?”

*

குதிரை என்று அவர் சொன்னது துப்பாக்கியின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சுத்தியலை. தோட்டாவின் பின்புறம் மோதி அதை வெடிக்க வைப்பது அதுதான். ரிவால்வரைச் சுட இரண்டு வழி உண்டு. ஒன்றில், கட்டை விரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு அது நின்றுகொள்ளும். பிறகு விசையை லேசாக இழுத்தால் போதும். இதற்கு சிங்கிள் ஆக்‌ஷன் என்று பெயர், விசைக்கு ஒரே வேலைதான், நிற்கும் குதிரையை விடுவிப்பது. இன்னொன்றில் கட்டை விரலுக்கு வேலையே இல்லை. விசையை முழு நீளத்துக்கும் இழுக்க இழுக்க அதுவே குதிரையைத் தூக்கி, உச்சியில் விட்டுவிடும். இது டபுள் ஆக்‌ஷன். முதல் வகைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ இழுப்பு போதும். இரண்டாவதற்கு ஐந்து கிலோ அளவுக்கு வேண்டும்.

“ஏத்தாமலும் சுடலாம்,” என்றார் தாத்தா. “ஆனா அது வேற மாதிரி ஆளு.”

இந்த ‘வேற மாதிரி ஆளு’ என்ற விஷயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரிய சண்டையாக நடந்திருக்கிறது. 1851 லண்டன் பொருட்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களைக் கடைவிரித்தார். ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் குதிரை ஏற்ற வேண்டிய வகை. அதே பொருட்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் வைத்தது அதற்கு நேர் எதிர். குதிரைக்குக் கொம்பே கிடையாது, விசையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கோல்ட் நிதானமாகக் குறி பார்ப்பவனுக்கு. ஆடம்ஸ் கைகலப்பில் இருப்பவனுக்கு. 1856இல் பியூமாண்ட் என்ற ராணுவப் பொறியாளர் இரண்டையும் ஒரே துப்பாக்கியில் சேர்த்தார். அடுத்த வருஷமே வட இந்தியாவில் சிப்பாய்ப் புரட்சி. எதிராளி பத்தடி தூரத்தில் வாளோடு வரும்போது கட்டை விரலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று ஆங்கில அதிகாரிகள் பேசிய காலம் அது.

பிரிட்டிஷ் ராணுவம் கடைசிவரை அந்தப் பக்கமே சாய்ந்தது. 1930களில் வந்த என்ஃபீல்டு ரிவால்வரை 1938இல் திருத்தி, குதிரையின் கொம்பை வெட்டி, இழுத்தால் மட்டுமே சுடும் துப்பாக்கியாக ஆக்கினார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது கொம்பு எங்காவது மாட்டிக்கொள்கிறது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். பழுதுக்கு வந்த பழைய துப்பாக்கிகளையும் அப்படியே மாற்றினார்கள். அந்த மொட்டைக் குதிரைகளைத் தாத்தா கையில் எடுத்திருக்கிறார். “கொம்பு இல்லாத மாடு மாதிரி இருக்கும். பாவமா இருக்கும்,” என்றார்.

இதற்கு எதிர்த்திசையிலும் மாற்றம் செய்வதுண்டு. இலக்கைச் சுடும் போட்டிக்காரர்கள் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் அந்த நீண்ட இழுப்பை எடுத்துவிட்டு, குதிரை ஏற்றினால் மட்டுமே சுடும்படி ஆக்கிக்கொள்வார்கள். இழுப்பு குறையும், கை ஆடாது. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டு கம்பெனிகளுமே போட்டித் துப்பாக்கிகளில் சிலவற்றை அப்படியே செய்து விற்றிருக்கின்றன. எழுபதுகளில் இங்குள்ள தேயிலைத் தோட்ட மேனேஜர் ஒருவர் ஒரு சாயங்காலம் தாத்தாவின் வீட்டுக்கு வந்து, தன் பழைய இங்கிலீஷ் ரிவால்வரை அப்படி மாற்றித் தரும்படி கேட்டாராம். கிளப்பில் குறி பார்க்கிற பந்தயம் என்று காரணம் சொன்னாராம். தாத்தா முடியாது என்றுவிட்டார். உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியும். அந்த மேனேஜரைப் பற்றி அவர் அன்று அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியைச் சில வாரம் கழித்துத்தான் சொன்னார்.

*

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த மர்ம நாவல்களைப் புரட்டினேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும். துப்பாக்கி சுடாத நாவல் ஒன்றுகூட இல்லை. குதிரை ஏற்றும் ஆள் ஒருவன்கூட இல்லை. எல்லோரும் ‘விசையை அழுத்தினான்’. ‘ட்ரிக்கரை அழுத்தினான்’. அழுத்துவது என்பது காலிங் பெல்லுக்கு உரிய வினைச்சொல். கூடலூர்ப் பக்கம் மலையாளத்தில் பேசுகிறவர்களைக் கேளுங்கள், காஞ்சி ‘வலிச்சு’ என்பார்கள், இழுத்தான் என்று. இந்திக்காரர்கள் ‘கோடா’ என்கிறார்கள், அதே குதிரை. நமக்கும் அந்தச் சொல் இருந்தது. அகராதியைப் பிரித்தால் குதிரை என்பதற்கு விலங்குக்குப் பிறகு வீணையில் தந்தியைத் தாங்கும் உறுப்பு என்றும், துப்பாக்கியின் உறுப்பு என்றும் பொருள் கிடைக்கும். வேட்டைக்காரர்களுக்கும் நாட்டுத் துப்பாக்கி செய்கிற ஆசாரிகளுக்கும் தெரிந்த சொல். எழுத்தாளர்கள் அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

சொல் போனால் என்ன? உறுப்பு போய்விடுகிறது. உறுப்போடு சேர்ந்து ஒரு செயல் போய்விடுகிறது. சுடுவது என்பது நம் கதைகளில் ஒரே செயல், ஒரு விரல், ஒரு வாக்கியம். அதற்கு முன்னால் கட்டை விரல் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு, அது கேட்கும்படி சத்தம் போடும், அதைச் செய்தபின் திரும்பப் பெறவும் முடியும் (குதிரையைக் கட்டை விரலால் பிடித்து மெல்ல இறக்கிவிடலாம், தாத்தா செய்து காட்டினார், வெறும் கையில்) என்பது நம் கதைமாந்தர் யாருக்கும் தெரியாது. விமர்சகர்களும் இதில் சளைத்தவர்களில்லை. செகாவ் சுவரில் மாட்டிய துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்று நூறு கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். யார் குதிரையை ஏற்றியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இது வெறும் தகவல் பிழை என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். மர்ம நாவலில் தகவல் பிழை தேடுகிறவன் நேரத்தை வீணாக்குகிறான். என் புகார் வேறு. நம் கதைகளில் ஒரு கொலை நடக்கிறது, ஆனால் யாரும் கொலை செய்வதில்லை. கோபம் வருகிறது, அடுத்த வரியில் பிணம் கிடக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய அந்த அரை நொடி இல்லை. அந்த அரை நொடிதான் கதை என்று நினைக்கிறேன்.

*

மர்ம நாவல்களை விட்டுவிடலாம், அவை அவசரத்தில் எழுதப்படுபவை. நாம் பெருமையோடு சொல்லும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1954இல் ஏவிஎம் தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம். கதாநாயகன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிறான். 1943, ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம். இறந்த ராஜன் ஒரு ரேடியோ பொறியாளன், எதிரிக்குத் தகவல் அனுப்பிய துரோகி. சுட்டது யார் என்று ஒவ்வொருவர் கதையாக விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் அவன் மனைவி உஷாவிடம் வந்து நிற்கிறது. பண்டரிபாய் நடித்த பாத்திரம். எழுபது வருஷமான படம், முடிவைச் சொன்னதற்கு யாரும் கோபிக்கக் கூடாது.

உஷா தேசபக்தை. கணவனின் துரோகம் தெரிந்ததும் கெஞ்சுகிறாள், மிரட்டுகிறாள், துப்பாக்கியைக் கையில் எடுக்கிறாள். அவளால் சுட முடியவில்லை. பிறகு தவறுதலாக விசை இழுபட்டு அவன் சாகிறான்.

‘தவறுதலாக’ என்ற இந்த இடத்தைத் தாத்தாவிடம் சொன்னேன். படத்தை அவர் அந்தக் காலத்திலேயே பார்த்திருந்தார். “ரிவால்வர்னா தவறுதலா வெடிக்கறது லேசில்ல தம்பி. குதிரை கீழ இருந்தா அஞ்சு கிலோ இழுக்கணும். பொம்பளக் கை, பயந்த கை, தெரியாம அஞ்சு கிலோ இழுக்குமா? ஏத்தி வெச்சிருந்தா தெரியாம வெடிக்கலாம். ஆனா ஏத்தினது தெரிஞ்சுதானே ஏத்தியிருக்கும்?”

இந்த ஒரு கேள்வியில் அந்த முடிவு இரண்டாக உடைகிறது. அவள் கை தவறியது என்பதை நம்ப வேண்டுமென்றால், அதற்கு முன்னால் அவள் கட்டை விரலால் ஒரு முடிவை எடுத்திருக்க வேண்டும். படம் அந்த முடிவை நம்மிடமிருந்து ஒளித்து வைக்கிறது. ஏனென்று புரிகிறது. நாட்டுக்காகக் கணவனைச் சுட்ட மனைவியை 1954இல் தமிழ் ரசிகன் முன் நிறுத்துவது லேசான காரியமில்லை. பாட்டை எடுக்கத் துணிந்த படம், கதாநாயகனை முதல் ரீலிலேயே கொன்று துரோகியாக்கத் துணிந்த படம், இந்த ஓர் அங்குலத்தில் பின்வாங்கிவிட்டது. மூன்றே வருஷம் கழித்து, 1957இல், இந்தியில் ‘மதர் இந்தியா’ வந்தது. அதில் தாய் தன் மகனைச் சுடுகிறாள். கை தவறவில்லை. சுடுவேன் என்று சொல்லிவிட்டுச் சுடுகிறாள். படமாக ‘அந்த நாள்’ எனக்கு இன்னும் நெருக்கமானது, கெட்டிக்காரத்தனமானதும்கூட. ஆனால் அந்தத் தாய்க்குக் கிடைத்த மரியாதை உஷாவுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய செயலை அவளிடமிருந்து பிடுங்கி விபத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே இழுப்பில் நடக்கும் கொலையே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஊட்டிப் பங்களாக் கொலை என்றதும் தமிழனுக்கு நினைவு வரும் படம் ‘புதிய பறவை’, 1964. அதில் கொலைக் கருவி துப்பாக்கியே அல்ல, ஓர் அறை. கோபால் மனைவியை அறைகிறான், பலவீனமான இதயம், அவள் செத்துப்போகிறாள். கை ஓங்குவதும் விழுவதும் ஒன்றுதான், நடுவே நிறுத்துமிடம் கிடையாது. ஆடம்ஸின் துப்பாக்கி. அங்கே படம் நேர்மையாக இருக்கிறது. அறை ஒரு நொடி, ஆனால் அதற்குப் பிறகு அவன் பிணத்தை ரயில் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போடுகிறானே, அது நொடியல்ல, அது கட்டை விரலின் வேலை. சிவாஜி அந்தக் கதாபாத்திரத்தில் எதை நினைத்து அப்படி உருகுகிறார் என்று எனக்கு நெடுநாள் குழப்பம். அறைந்ததற்காக என்றே நினைத்திருந்தேன். இப்போது தண்டவாளத்துக்காக என்று தோன்றுகிறது.

*

இதையெல்லாம் நான் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்பதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

1983இல் எனக்குப் பதினொரு வயது. பெரியப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ரைட்டர். லைன் வீடுகளுக்குப் பின்னால் ஆட்கள் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டிருப்பார்கள், சோலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். பயிர்க் காவலுக்கென்று தோட்டத்துக்கு உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று ஆபீசில் இருந்தது. குதிரை வெளியே தெரியும் பழைய வகை. ஏற்றாமல் சுட அதில் வழியே கிடையாது. பள்ளி விடுமுறை என்பதால் ஒருநாள் ராத்திரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டார்ச்சைப் பிடிக்கும் வேலை எனக்கு. “நான் சொன்னா மட்டும் அடி,” என்றிருந்தார்.

பனி இறங்கி எதிரே செடி தெரியவில்லை. எங்கேயோ சருகு நொறுங்கியது. பக்கத்தில் ‘டக்’ என்று கேட்டது. பெரியப்பா மூச்சு விடவில்லை. நான் டார்ச் பித்தானில் விரலை வைத்துக்கொண்டு அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சுட்டார்.

அது பன்றியல்ல. பக்கத்து டிவிஷன் வாட்ச்மேன், இலங்கையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். காலையில் குன்னூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

பெரியப்பா சொன்னது ஒரே வாக்கியம்: “வழுக்கி விழப் போனேன், கை பட்டு வெடிச்சிடுச்சு.” போலீசிடம் அதையே சொன்னார், தோட்டத்தில் அதையே சொன்னார், பெரியம்மாவிடமும் அதையே சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை, சின்னப் பையன். கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கவனக்குறைவால் மரணம் என்று 304-ஏ பிரிவில் வழக்கு போட்டார்கள், சில வருஷம் ஓடி, அபராதத்தோடு முடிந்தது. அவர் அந்த ஆளைக் கொல்ல நினைக்கவில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் கை படவில்லை. அவர் கேட்டார், நினைத்தார், ஏற்றினார், வெளிச்சம் கேட்காமல் சுட்டார். இதில் நாலு காரியம் இருக்கிறது. வாக்கியத்தில் ஒன்றுகூட இல்லை. ‘வெடிச்சிடுச்சு’ என்பதற்கு எழுவாய் துப்பாக்கிதான். அந்த அக்கா அதற்குப் பிறகு பத்து வருஷம் எங்கள் வீட்டு வழியாகத்தான் கொழுந்து பறிக்கப் போவாங்க. பெரியம்மா அந்த நேரத்துக்கு வாசலில் நிற்க மாட்டாங்க.

ஆக, கதையில் ‘விசையை அழுத்தினான்’ என்று வாசிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவதற்கு அழகியல் மட்டும் காரணமல்ல.

*

இந்த மலைகளைப் பற்றித் துப்பாக்கியோடு எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நீலகிரியில் வேட்டைக்காரர் சங்கம் 1877இலேயே வந்துவிட்டது, 1879இல் வேட்டைப் பிராணிகளையும் மீனையும் காப்பதற்கென்று தனிச் சட்டமே வந்தது. சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டுமே என்ற அக்கறை. பிளெட்சர் 1911இல் நீலகிரி, வயநாட்டு வேட்டையைப் பற்றித் தடிமனான புத்தகம் போட்டார். நடை என்று பார்த்தால் எனக்கு இவர்களில் கென்னத் ஆண்டர்சன்தான் பிடிக்கும். 1954இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் சீகூர் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இறங்கினால் வரும் அதே சீகூர்ப் பள்ளத்தாக்கு, மசினகுடி, மோயாறு. அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் .405, நெம்புகோலை இழுத்து அடைக்கும் வகை. அதற்கும் குதிரை வெளியேதான் இருக்கும்.

ஆண்டர்சன் மிகைப்படுத்துகிறார், ஆங்காங்கே கதை கட்டுகிறார் என்றெல்லாம் குறை சொல்வார்கள். இருக்கட்டும். காத்திருப்பதை அவரைப்போல எழுதியவர்கள் குறைவு. மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இரவில் அவருக்கு நடப்பதெல்லாம் சத்தங்கள்தான். மான் கத்துவது, குரங்கு எச்சரிப்பது, பிறகு திடீரென்று எல்லாம் அடங்குவது. துப்பாக்கி சுடுவதற்கு அவர் ஒரு வரி தருகிறார் என்றால் அதற்கு முந்தைய நேரத்துக்குப் பல பக்கம் தருகிறார். பிழைபட்ட தருணங்களையும் அவர் மறைப்பதில்லை. நம் மர்ம நாவலாசிரியர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது புலியையும் பனியையும் மட்டும்.

ஆனால் அந்த வெள்ளைக்கார வேட்டை இலக்கியம் முழுவதிலும் இன்னொரு மறைப்பு உண்டு. துப்பாக்கியைச் சுமந்து நடந்தவன், தடம் பார்த்துச் சொன்னவன், இரண்டாவது துப்பாக்கியில் தோட்டா நிரப்பிக் கையில் நீட்டியவன் ஓர் இருளர், குறும்பர் அல்லது யாரோ ஒரு ஷிகாரி. துரைக்கு விரல் வேலை மட்டும். ஏற்பாடுகளெல்லாம் ஒருவனுடையவை, சுட்ட பெருமை இன்னொருவனுடையது. ஒரு செயலை இரண்டு உடம்புக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டர்சன் தன் கூட்டாளிகளைப் பெயர் சொல்லி நன்றியோடு எழுதுகிறார், பைரா பூசாரியை நண்பனாகவே காட்டுகிறார். அப்படியும் பைராவுக்குள் அந்த நேரம் என்ன ஓடியது என்பது நமக்குக் கிடைப்பதில்லை.

அதை எழுதியது தமிழில் ஜெயமோகனின் ‘ஊமைச்செந்நாய்’. வேட்டைத் துணையாளே அங்கே கதைசொல்லி. வில்சன் துரையின் துப்பாக்கிகளைச் சுமக்கிறவன். துரை கொடுக்கும் உதைகளையும் அவன்தான் சுமக்கிறான். துப்பாக்கியின் கனம், எண்ணெய், குளிர்ச்சி எல்லாம் அதில் இருக்கிற அளவுக்கு வேறு தமிழ்க் கதையில் நான் பார்த்ததில்லை. அந்தக் கதையைக் குறியீட்டுக் கதையாக நிறையப் பேர் வாசித்துவிட்டார்கள், காலனியம், அடிமை, மறுப்பு என்று. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இன்னும் சின்ன விஷயம். கடைசியில் பள்ளத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பவனைத் தூக்க துரை கையை நீட்டுகிறான், அவன் அதைப் பிடிக்க மறுத்து விழுகிறான். அதை ஜெயமோகன் விபத்தாக்கவில்லை. கை வழுக்கியது என்று எழுத ஒரு சொல் போதும், வாசகனும் கண்ணீர் விட்டிருப்பான். அவர் அந்த மனிதனுக்கு ஒரு முடிவை எடுக்க நேரம் கொடுக்கிறார். கதை முழுக்கச் சுடாதவன் கடைசியில் செய்யும் செயல் அது. கதையின் நடுப்பகுதியில் விவரணை கொஞ்சம் கூடிவிட்டது, யானைக் கட்டத்தை இன்னும் சுருக்கியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. முடிவின் மேல் ஒரு குறையும் இல்லை.

இதே மலையில் துப்பாக்கியைக் கீழே வைத்த ஒருவரும் இருந்தார். குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவீதார், வேட்டைக்காரராக இருந்து வனவிலங்குக் காவலராக மாறியவர், சீகூரில் அவர் கட்டிய வீட்டின் பெயரிலேயே ‘சீத்தல் வாக்’ என்ற புத்தகம் எழுதினார். ஏற்றிய குதிரையை மெல்ல இறக்கி வைப்பது எப்படி என்று எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்று தாத்தாவிடம் அளந்தேன். அவருக்குப் புத்தகத்தில் ஆர்வமில்லை. “தாவீதார் சாரா? நல்ல மனுஷன்,” என்றதோடு சரி.

*

நண்பர் ஒருவரிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது, ராணுவக்காரன் மாதிரிப் பேசாதே, வாசகனுக்கு ரிவால்வரின் உள்ளுறுப்பெல்லாம் எதற்கு என்றார். உள்ளுறுப்பு வேண்டாம். விரல் போதும். எந்த விரல், எத்தனை முறை, நடுவில் எவ்வளவு நேரம். பயத்தில் சுடுகிறவன் நீளமாக ஒரே இழுப்பாக இழுக்கட்டும், குண்டு கூரையில் போய்ப் படட்டும். திட்டமிட்டவன் கட்டை விரலை வைக்கட்டும், கட்டிலில் படுத்திருப்பவனுக்கு அந்த ‘டக்’ கேட்கட்டும். மனம் மாறுகிறவன் இறக்கி வைக்கட்டும். இவர்கள் மூன்று பேரும் மூன்று வேறு மனிதர்கள், மூவருக்கும் ‘அழுத்தினான்’ என்று ஒரே வினைச்சொல்லைக் கொடுப்பவர் எழுத்தாளர் இல்லை, அரசுத்தரப்பு ரைட்டர். ரைட்டர்கூட நேரம் குறிப்பார்.

அந்த மேனேஜர் விஷயத்தைத் தாத்தா இரண்டாம் முறை சொன்னது ஒரு மழை நாளில். நாவல் முடிந்திருந்தது, கொலைகாரன் வேலைக்காரக் கிழவன்தான் (தாத்தா மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டார்). பந்தயம் என்று அந்த மேனேஜர் சொன்னதெல்லாம் சும்மாவாம். கிளம்பும்போது வாசலில் நின்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். போனஸ் தகராறில் ஆட்கள் ஆபீசை வளைத்துக்கொண்ட அன்று அவர் மேஜை டிராயரிலிருந்து ரிவால்வரை எடுத்துவிட்டார். முன்னால் நின்ற பையனைப் பார்த்து விசையைப் பாதி வரை இழுத்தும்விட்டார். குதிரை எழும்புவதைத் தன் கண்ணாலேயே பார்த்தாராம். யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்தார்கள்.

“ஒரு விரல்ல சுடற துப்பாக்கி எனக்கு வேண்டாம், ரெண்டு விரல் வேணும்னு கேட்டார்,” என்றார் தாத்தா.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“துப்பாக்கிய மாத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லைங்க தொரை, ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்கன்னேன். உக்காந்து ஒரு டீ குடிச்சார். போயிட்டார்.”

“ஒப்படைச்சாரா?”

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். “அடுத்த மாசம் கடைத்தெருவுல பாத்தேன். சல்யூட் வெச்சேன். அவர் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுப் போனார். அதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கலை.”